நகல் என்கிறவர்கள் கொல்லிமலைக்கு வரட்டும்

நம் அரசியலமைப்புச் சட்டம் 1935இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தின் நகல்தான் என்ற பேச்சு டீக்கடையிலிருந்து கருத்தரங்க மேடை வரைக்கும் நடமாடுகிறது. போட்டித் தேர்வுக் கையேடுகள் இதற்கென்றே ஓர் அட்டவணை வைத்திருக்கின்றன. அடிப்படை உரிமைகள் அமெரிக்காவிலிருந்து, வழிகாட்டு நெறிகள் அயர்லாந்திலிருந்து, வலுவான மத்திய அரசு கனடாவிலிருந்து, மிச்சமெல்லாம் 1935ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து. மனப்பாடம் செய்தவருக்கு ஒரு மதிப்பெண் நிச்சயம். 2023 ஆகஸ்டில், பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழுத் தலைவராக இருந்த பிபேக் தேப்ராய் ஓர் ஆங்கில நாளிதழில் எழுதினார்: இந்தச் சட்டம் பெருமளவு 1935 சட்டத்தின் வழிவந்தது, காலனியம் விட்டுப்போனது, புதிதாக ஒன்றை எழுதிக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். அது அவருடைய சொந்தக் கருத்து என்று குழு கைகழுவிவிட்டது. கருத்து மட்டும் ஊரில் தங்கிவிட்டது.

எதிர் முகாமிலும் இதே கருத்து வேறு உடையில் உலவுகிறது. 1947இல் அதிகாரம் கைமாறியது, அவ்வளவுதான். லண்டன் அரண்மனை கொடுத்ததை டெல்லி மேட்டுக்குடி வாங்கி வைத்துக்கொண்டது. மலையிலும் காட்டிலும் இருந்தவர்களுக்கு அதில் பங்கும் இல்லை, பயனும் இல்லை என்கிறார்கள். இரு தரப்பாரும் ஒன்றுசேரும் இடம் ஒன்று உண்டு. முடியாட்சியை எதிர்த்துப் போராடி எழுதியது என்று இங்கே எதுவும் இல்லை, ஆண்டவர்கள் கொடுத்துப்போனதைத்தான் வைத்திருக்கிறோம் என்பதே அது.

இந்த வாதத்தை டெல்லியில் நின்று சோதிப்பதைவிடக் கொல்லிமலையில் நின்று சோதிப்பது நல்லது. நாமக்கல் மாவட்டத்தில், எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, 14 நாடுகள், அதாவது 14 ஊராட்சிகள். மக்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை, பேசுவது தமிழ். விடுதலைப் போராட்ட வரலாற்றில் கொல்லிமலைக்குத் தனி அத்தியாயம் கிடையாது. அரசியலமைப்பை எழுதிய சபையில் தமிழ்நாட்டு மலைகள் எதிலிருந்தும் ஒரு பழங்குடி உறுப்பினர்கூட உட்காரவில்லை. சட்டம் உண்மையிலேயே மேலிருந்து விழுந்த கொடை என்றால், அதற்குச் சாட்சி சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

கொடை என்றால் என்னவென்று இந்த மலைக்குத் தெரியும். செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் அரசு விழா எடுக்கிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவன், வில்லாளி, பெருமைப்படலாம். அவன் கதையின் பின்பாதியை மட்டும் விழா மேடையில் யாரும் நீட்டிப் பேசுவதில்லை. மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான். சங்கப் பாடல்கள் தரும் செய்தி இது. மலை மீது வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை. 1792 மார்ச்சில் சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாரமகாலையும் சேலம் சீமையையும் கிழக்கிந்தியக் கும்பினிக்கு விட்டுக்கொடுத்தபோதும் கேட்கவில்லை. 1858இல் கும்பினியின் கையிலிருந்து விக்டோரியா ராணியின் கைக்குப் போனபோது கேட்கிற எண்ணமே எவருக்கும் வரவில்லை. நல்ல அரசனோ கெட்ட அரசனோ, முடியாட்சியில் நாடு கொடுக்கவும் வாங்கவும் கூடிய சொத்து. குடிகள் அந்தச் சொத்தோடு சேர்ந்து போகிறவர்கள்.

1935 சட்டமும் அந்த வம்சத்தில் பிறந்ததுதான். லண்டன் நாடாளுமன்றம் இயற்றி, அந்த ஆண்டு ஆகஸ்ட் 2 அன்று ஐந்தாம் ஜார்ஜின் ஒப்புதல் பெற்றது. 321 பிரிவுகள், குடிமக்களுக்கான அடிப்படை உரிமைப் பட்டியல் கிடையாது. உத்தேசித்த கூட்டாட்சியின் கீழவையில் 375 இடங்களில் 125 இடங்கள் சமஸ்தானங்களுக்கு; அவற்றை மக்கள் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, மன்னர்கள் நியமித்தால் போதும். வாக்குரிமைக்குச் சொத்து வேண்டும், அல்லது வரி கட்டியிருக்க வேண்டும், அல்லது படித்திருக்க வேண்டும். வயது வந்தோர் அனைவருக்கும் வாக்கு என்பது இந்தியாவில் நடைமுறைக்கு ஒவ்வாது என்று 1932இலேயே லோதியன் குழு எழுதி வைத்துவிட்டது. இந்தச் சட்டத்தில் ஒரு வரியைத் திருத்த வேண்டும் என்றாலும் லண்டனுக்குத்தான் போக வேண்டும்.

இதன் நகலா நம் சட்டம்? நிர்வாகப் பகுதிகளில், ஆம். 395 பிரிவுகளில் ஏறக்குறைய 250 பிரிவுகளில் 1935இன் சொல்லோ சாயலோ இருப்பதாக வழக்கமாக ஒரு கணக்குச் சொல்வார்கள், அப்படியே வைத்துக்கொள்வோம். அம்பேத்கர் இதை மறைக்கவில்லை. 1948 நவம்பர் 4 அன்று வரைவை முன்வைத்துப் பேசும்போதே, அரசியலமைப்புக் கருத்துகளுக்கு யாரும் காப்புரிமை வைத்திருக்கவில்லை, எடுத்துக்கொண்டதற்கு வெட்கப்படவும் இல்லை, எடுத்தவை பெரும்பாலும் நிர்வாக விவரங்களாய்ப் போனதுதான் வருத்தம் என்ற பொருளில் சொல்லிவிட்டார். குற்றம் சாட்டுகிறவர்கள் கண்டுபிடித்ததாக நினைப்பது, குற்றம் சாட்டப்பட்டவர் எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே அவையில் வைத்த பதில். தேர்வாணையம் எப்படி இயங்கும், தணிக்கை அதிகாரியை யார் நியமிப்பது, மத்திய மாநில அதிகாரங்களை எந்தப் பட்டியலில் பிரிப்பது என்பவற்றை ஓடிக்கொண்டிருந்த நிர்வாகத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள். பிரிவினைக் கலவரமும் அகதி முகாம்களும் சூழ்ந்திருந்த நாளில் அது கெட்டிக்காரத்தனம்.

எந்த ஊர்ச் சரக்கு என்று பார்த்து ஒரு சட்டத்தை எடைபோட முடியாது என்பதற்கு நம் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. 1946இல் திருவிதாங்கூர் திவான் சர் சி. பி. ராமசாமி ஐயர் ஓர் அரசியலமைப்புத் திட்டத்தை அறிவித்தார். வயது வந்தோர் எல்லோருக்கும் வாக்கு! அமெரிக்க முறை என்று பெயரும் சூட்டினார். ஒரே ஒரு நிபந்தனை: திவானை மக்கள் சபை அகற்ற முடியாது, அவர் மகாராஜாவுக்கு மட்டுமே பதில் சொல்வார். 1935 சட்டத்தோடு ஒப்பிட்டால் வாக்குரிமையில் அது எவ்வளவோ தாராளம். ஆனாலும் ஆலப்புழைப் பக்கத்துக் கயிற்றுத் தொழிலாளர்களும் விவசாயக் கூலிகளும் அமெரிக்க மாதிரியை அரபிக்கடலில் போடு என்றார்கள். அக்டோபரில் புன்னப்புராவிலும் வயலாரிலும் நூற்றுக்கணக்கானோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1947 ஜூனில் திருவிதாங்கூர் தனி நாடு என்று அறிவித்த திவான், ஜூலை 25 அன்று வெட்டுப்பட்டு, பதவியையும் விட்டுப் போனார். எழுத்தறிவில்லாத கூலிகளுக்கு அமெரிக்க அரசியலமைப்பு என்ன தெரியும் என்று கேட்பார்கள். வாசகம் வாஷிங்டனில் எழுதியதா ஆலப்புழையில் எழுதியதா என்பது அவர்களுக்குப் பொருட்டாக இல்லை. ஆள்கிறவர் யாருக்குப் பதில் சொல்வார் என்று கேட்டார்கள். கையேட்டு அட்டவணையில் இந்தக் கேள்விக்குக் கட்டமே கிடையாது.

கொடையாக வந்த அரசியலமைப்பு என்ன செய்யும் என்பதைத் தமிழர்களுக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொல்லிமலை அடிவாரத்துத் துறையூர், நாமக்கல், முசிறிப் பக்கங்களிலிருந்தும் சேலத்திலிருந்தும் கங்காணிகள் ஆள் கட்டி, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே 1931இலேயே டொனமோர் ஏற்பாட்டின்படி வயது வந்தோருக்கு வாக்கு வந்துவிட்டது. கொழும்புத் தலைவர்கள் பலர் முகம் சுளித்தபோதும் லண்டன் கொடுத்தது. 1948இல் சோல்பரி அரசியலமைப்போடு இலங்கை விடுதலை பெற்றது. அரசியல் நிர்ணய சபை என்று எதுவும் கூடவில்லை. அரச கட்டளையாக அது வந்தது. அதில் 29ஆம் பிரிவு சிறுபான்மைக்குக் காப்பாக இருக்கும் என்றார்கள். மை காய்வதற்குள் 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட மலையகத் தமிழர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள்; அடுத்த ஆண்டு தேர்தல் சட்டத் திருத்தம் வாக்கையும் பறித்தது. 1947இல் தங்கள் ஆட்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய தோட்டங்களால் 1952இல் ஒருவரையும் அனுப்ப முடியவில்லை. கோடக்கன் பிள்ளை வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. குடிமகன் யார் என்று வரையறுப்பது ஒரு நாட்டின் உரிமை, அதனால் 29ஆம் பிரிவு மீறப்படவில்லை என்று 1953இல் தீர்ப்பு வந்தது. மன்னர் பெயரால் கொடுத்த காப்பு இல்லாமல் போனதற்கு அதே அரண்மனையின் நீதிமன்றம் முத்திரை குத்தியது.

அதே 1952இன் தொடக்கத்தில் இந்தப் பக்கம் முதல் பொதுத் தேர்தல் நடந்தது. பட்டா கேட்கவில்லை, வரி ரசீது கேட்கவில்லை, படிப்பு கேட்கவில்லை. 21 வயது நிரம்பியிருந்தால் போதும். ஒரே சீமையிலிருந்து பிரிந்த மக்கள்: கப்பலேறி மலைக்குப் போனவர்களுக்கு வாக்கு போனது, கொல்லிமலையில் இருந்தவர்களுக்கு வாக்கு வந்தது. நகல் வாதம் பேசுகிற யாராவது இந்த வித்தியாசத்துக்கு விளக்கம் சொன்னால் கேட்டுக்கொள்ளத் தயார். இரண்டு நாடுகளையும் ஆண்டது ஒரே அரசு, இரண்டிலும் சட்டம் எழுதத் தெரிந்த வழக்கறிஞர்கள் ஏராளம்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் வசதியாக மறைத்ததாகும். சொந்தமாகச் சபை கூட்டி எழுதினால் மட்டும் நியாயம் வந்துவிடாது. இலங்கை 1972 மே 22 அன்று ராணியின் ஆட்சியை உதறிக் குடியரசானது. சபை கூடித்தான் எழுதியது. அந்தச் சபையிலிருந்து தமிழரசுக் கட்சி 1971இலேயே வெளியேறியது. புதிய சட்டத்தில் பழைய 29ஆம் பிரிவின் காப்புகூட இல்லை. முடியை உதறுவது ஒரு வேலை, முடி போன இடத்தில் எல்லோரையும் உட்கார வைப்பது அதைவிடப் பெரிய வேலை. இரண்டாவதில் நம் சபைக்கு முழு மதிப்பெண் நானும் தரமாட்டேன். மாகாணங்களில் வயது வந்தோரில் நான்கில் ஒருவருக்குச் சற்று மேற்பட்டோருக்கே வாக்குரிமை இருந்த 1946 தேர்தலின் மேல் அமைந்த சபை அது. பெரியார் 1957 நவம்பர் 26 அன்று சட்டத்தை எரிக்கச் சொன்னபோது எழுப்பிய கேள்வியின் வலு இதில்தான் இருந்தது: எழுதியவர்கள் யார், அவர்களை அனுப்பியவர்கள் யார் என்றார். ஆயிரக்கணக்கானோர் அதற்காகச் சிறை போனார்கள். அது வேறு வழக்கு, கனமான வழக்கு. அதைத் தூக்கிக்கொண்டு வந்து 'வெள்ளைக்காரன் கொடை' என்ற மெலிந்த வழக்குக்கு முட்டுக்கொடுப்பது பெரியாருக்கும் மரியாதை இல்லை.

கொடை என்றால் திருத்தக் கேட்டுப் போக வேண்டிய இடமும் கொடுத்தவர் வாசல்தான். 1950இல் சென்னை உயர்நீதிமன்றமும் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் கல்லூரி இடங்களைப் பங்கிட்ட வகுப்புவாரி அரசாணையைச் செல்லாது என்றபோது தமிழ்நாடு கொதித்தது. கடையடைப்பும் ஊர்வலமும் நடந்தன. 1951 ஜூனில் முதல் திருத்தம் நிறைவேறி 15(4) வந்தது. குடியரசுக்கு அப்போது ஒன்றரை வயதுகூட ஆகவில்லை. பிற்பட்டோருக்கு மட்டுமல்ல, பட்டியல் பழங்குடியினருக்கும் கல்லூரி இடம் ஒதுக்க அந்த வரிதான் அடிப்படை. இன்று தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கான ஒரு சதவீதத்தில் கொல்லிமலைப் பெண் ஒருத்தி செவிலியர் படிப்பில் சேர்ந்தால், அந்த இடத்துக்கு வழிவிட்ட வாசகம் சென்னைத் தெருக்களின் நெருக்குதலில் பிறந்தது.

முடியோடு உறவை வெட்டிய விதத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முழு விடுதலையே இலக்கு என்று காங்கிரஸ் தீர்மானம் போட்டது 1927 டிசம்பர் சென்னை மாநாட்டில். மறு ஆண்டு மோதிலால் நேரு அறிக்கை டொமினியன் அந்தஸ்து போதும் என்றபோது, மன்னர் வேண்டாம் என்று கிளம்பிய விடுதலைச் சங்கத்துக்குத் தலைவர் நம் எஸ். சீனிவாச ஐயங்கார். 1946 டிசம்பரில் வைஸ்ராய் அழைத்துக் கூடிய சபை, கூடிய ஐந்தாம் நாளே, ஆறாம் ஜார்ஜ் இந்தியாவின் சக்கரவர்த்தியாக இருக்கும்போதே, இந்த நாடு இறையாண்மை கொண்ட குடியரசாகும் என்ற தீர்மானத்தை எடுத்துக்கொண்டது. அழைத்தவர் யார் என்பதை மட்டும் பிடித்துக்கொள்கிறவர்கள், வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் படிப்பதில்லை. 1947 ஆகஸ்ட் 15க்குப் பிறகும் இரண்டரை ஆண்டு காலம் சட்டப்படி ஆறாம் ஜார்ஜ்தான் அரசர். அவருடைய கடைசிப் பிரதிநிதி, பழைய சேலம் மாவட்டத்துத் தொரப்பள்ளியில் பிறந்து, சேலத்தில் வக்கீல் தொழில் செய்து, திருச்செங்கோட்டுப் பக்கம் காந்தி ஆசிரமம் நடத்திய ராஜாஜி. அரசியலமைப்பு முழுதாக எழுதி முடிந்ததும் கவர்னர் ஜெனரல் என்ற முறையில் அவருடைய ஒப்புதலைப் பெறவில்லை. சபைத் தலைவர் ராஜேந்திர பிரசாத் கையெழுத்திட்டார், அதோடு முடிந்தது. ராஜாஜி மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி மன்னருடையது. மன்னர் கையெழுத்தால் பிறந்தால் மன்னர் கொடுத்ததாகிவிடும். 395ஆம் பிரிவு, 1935 சட்டத்தோடு, சபைக்கே சட்டத் தகுதி தந்ததாக லண்டன் கருதிய 1947ஆம் ஆண்டு விடுதலைச் சட்டத்தையும் சேர்த்து ரத்து செய்தது. ஏறி வந்த ஏணியை எடுத்துவிட்டார்கள், தெரிந்தே.

இது வெறும் சம்பிரதாயம் என்று தோன்றினால் கராச்சியைப் பார்க்கலாம். அங்கே கவர்னர் ஜெனரல் 1954 அக்டோபரில் அரசியல் நிர்ணய சபையையே கலைத்தார். சபை இயற்றிய சட்டங்களுக்கு மன்னர் பிரதிநிதியின் ஒப்புதல் அவசியம் என்று மறு ஆண்டு கூட்டாட்சி நீதிமன்றம் அவருக்குக் கைகொடுத்தது. அந்த ஒரு கையெழுத்து விவகாரத்தில் அந்த நாட்டு ஜனநாயகம் வாங்கிய அடி இன்னும் ஆறவில்லை.

இத்தனையும் சொன்ன பிறகு, நகல் வாதத்தில் மெய்யாகவே சரியான ஓர் இடத்துக்கு வருகிறேன். அந்த வாதம் பேசுகிறவர்கள் யாரும் இதைச் சுட்டிக்காட்டி நான் பார்த்ததில்லை. மலைப்பக்கம் வந்திருந்தால் தெரிந்திருக்கும்.

1935 சட்டத்தின் 91, 92ஆம் பிரிவுகள் 'விலக்கப்பட்ட பகுதி', 'பகுதி விலக்கப்பட்ட பகுதி' என்று மலைகளையும் காடுகளையும் பிரித்தன. பொதுச் சட்டம் அங்கே தானாகச் செல்லாது. கவர்னர் பார்த்து அனுமதிக்க வேண்டும். நம் அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணையில் கவர்னருக்கு உள்ள அதிகாரம் பெரும்பாலும் அதன் சாயல். அதைவிடப் பெரிய நகல் வரைபடம். சென்னை மாகாணத்தில் 1936 ஆணையின்படி இந்தப் பட்டியலில் இருந்தவை இலட்சத்தீவுகளும், கிழக்குக் கோதாவரி ஏஜென்சி என்ற மலைப்பகுதியும், விசாகப்பட்டினம் ஏஜென்சியின் ஒரு பகுதியும். கொல்லிமலை இல்லை. ஏற்காடு, கல்வராயன், பச்சைமலை, சவ்வாது எதுவும் இல்லை. 1950இல், ஐந்தாவது அட்டவணையின் காப்பு செல்லும் பட்டியல் பகுதிகளை அறிவித்தபோது ஏறக்குறைய அந்த வரைபடத்தையே எடுத்து வைத்தார்கள். 1953இல் ஆந்திரம் பிரிந்ததும் ஏஜென்சிகள் அங்கே போயின. இன்று பத்து மாநிலங்களில் பட்டியல் பகுதிகள் உண்டு, தெற்கே ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் மட்டும். தமிழ்நாட்டில் ஓர் அங்குலம் இல்லை.

வெள்ளைக்காரன் ஏன் அந்த மலைகளை எடுத்து இந்த மலைகளை விட்டான்? பழங்குடி அங்கே இருந்தார்கள், இங்கே இல்லை என்பதாலா? கஞ்சம், விசாகப்பட்டினம் மலைகளில் 1830களில் கலகங்கள் நடந்தன. அடக்கப் போன ரஸ்ஸலின் அறிக்கைக்குப் பின் 1839இல் தனிச் சட்டம் வந்தது. 1879இல் ரம்பாவில் கிளர்ச்சி, 1922இல் மறுபடி அல்லூரி சீதாராம ராஜுவோடு. கலகம் வந்த மலைக்குத் தனிச் சட்டம், வராத மலைக்குத் தாசில்தார்: அவர்கள் கணக்கு இப்படித்தான் ஓடியது என்பது என் வாசிப்பு. பழங்குடியின் நன்மை அந்த வரைபடத்தை வரைந்த கையின் கவலையாக இருக்கவில்லை. அமைதியாக இருந்த குற்றத்துக்குக் கொல்லிமலை விடுபட்டது. அந்தப் பேரரசின் போலீஸ் கணக்கை, பழங்குடிப் பாதுகாப்புக்கான அளவுகோலாகக் குடியரசு எடுத்துக்கொண்டது. நகல் எடுத்த பாவம் என்று ஒன்று உண்டென்றால் இதுதான்.

சபையில் எச்சரிக்கை எழாமல் இல்லை. ஜெய்பால் சிங் முண்டா 1946 டிசம்பரிலேயே எழுந்து, பழங்குடிக்கு ஜனநாயகம் கற்றுத்தர வேண்டாம், அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் பேசினார். 1949 செப்டம்பரில் ஐந்தாவது அட்டவணையின் திருத்திய வடிவம் வந்தபோது பழங்குடியினர் ஆலோசனைக் குழுவின் பல்லைப் பிடுங்கிவிட்டதாக வருந்தினார். அவர் சோட்டாநாக்பூரிலிருந்து வந்தவர். அங்கே போராட்டமும் வரலாறும் பின்னால் இருந்தன. சேலம் ஜில்லா மலைகளுக்காகக் குரல் கொடுக்க அங்கே ஆள் இல்லை. இத்தனைக்கும் குமாரமங்கலத்து ஜமீன்தார் டாக்டர் பி. சுப்பராயன் சபையில் இருந்தார். சபையின் கடைசி உறுப்பினராக அறியப்பட்டு 2021இல் மறைந்த டி. எம். காளியண்ணன் திருச்செங்கோட்டுக்காரர். மலை கண்ணுக்கெட்டும் தூரம்தான்.

இந்த விடுபடல் காகிதத்தோடு நிற்கவில்லை. 1997இல் சமதா வழக்கில் உச்ச நீதிமன்றம், பட்டியல் பகுதிகளில் தனியார் நிறுவனங்களுக்குச் சுரங்கக் குத்தகை கொடுக்கக் கூடாது என்றது. ஆந்திர ஏஜென்சி மலைகளுக்கு அது கவசமானது. அதே காலத்தில் கொல்லிமலையில் மேட்டூர் மால்கோ அலுமினிய ஆலைக்காகப் பாக்சைட் வெட்டிக்கொண்டிருந்தார்கள். சமதா தீர்ப்பை இங்கே யாரும் நீட்ட முடியாது. இது பட்டியல் பகுதி இல்லையே! 2008 வாக்கில் அந்தச் சுரங்கம் நின்றது வேறு அனுமதிகள் சம்பந்தப்பட்ட சிக்கலால். 1996இன் பெசா சட்டம் பழங்குடி ஊர்களின் கிராம சபைக்கு நிலம், சிறு வனப்பொருள், குவாரி ஆகியவற்றில் கொடுத்த அதிகாரமும் இந்த மலைக்கு வரவில்லை. ஆந்திர ஏஜென்சியில் பழங்குடி நிலம் வெளியார் கைக்குப் போகாமல் தடுக்கும் 1959, 1970 விதிமுறைகளுக்கு நிகரான ஒன்று இங்கே இல்லை. சோலைக்காட்டுச் சந்தைக்கு மிளகும் காபியும் அன்னாசியும் கொண்டுவருகிறவர்கள் எந்தச் சட்டத்தின் கீழ் நிலத்தை வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால், நாமக்கல் சமவெளி விவசாயிக்கும் அவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வனத்துறை இன்றும் கையில் வைத்திருப்பது 1882ஆம் ஆண்டுச் சட்டம். சென்னை வனச் சட்டம் என்ற பெயர் தமிழ்நாடு வனச் சட்டமாக மாறியிருக்கிறது. பட்டியல் பழங்குடி என்ற தகுதியிலும் வரைபடம் குறுக்கே நிற்கிறது: பட்டியலில் மாவட்டப் பெயர் போட்டு எழுதியதால், கொல்லிமலையில் பழங்குடியாக இருப்பவரின் இனத்தாரே ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் பழங்குடி இல்லை.

ஆக, நகல் எடுத்த இடத்தில் கொல்லிமலை இழந்தது. நகல் எடுக்காத இடங்களில், வாக்கில், ஒதுக்கீட்டில், சேந்தமங்கலம் தனித்தொகுதியில், பெற்றது. ஏற்காட்டையும் சேந்தமங்கலத்தையும் விட்டால் பழங்குடியினருக்கென்று தமிழ்நாட்டில் வேறு சட்டமன்றத் தொகுதி இல்லை. முழுச் சட்டமும் காலனியம் என்று தூக்கிப் போடச் சொல்கிறவர்கள் இரண்டையும் சேர்த்துத்தான் தூக்கிப் போடுவார்கள். புதிதாக எழுதும் அந்த மேஜையில் கொல்லிமலைக்கு நாற்காலி போடுவதாக அவர்கள் இதுவரை சொன்னதும் இல்லை. நாகரிகப் பெருமை, பண்டைய அரசமுறை என்றுதான் பேச்சு போகிறது. மலைக்கு அதன் ஊர்க்கட்டு போதாதா என்று கனிவாகக் கேட்பவர்களும் உண்டு. பட்டக்காரர், ஊர்க்கவுண்டர் முறையில் மதிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. ஆனால் அது பரம்பரையாக வரும் ஆண்களின் பதவி. இன்று ஊராட்சித் தலைவர் நாற்காலியில் உட்காரும் மலையாளிப் பெண்ணை அங்கே உட்கார வைத்தது 1992இன் 73ஆம் திருத்தம்.

காலனியச் சுமையை இறக்கியே தீர வேண்டும் என்ற அவசரம் உண்மையானால், அதற்குப் புதிய அரசியலமைப்பு தேவையில்லை. ஐந்தாவது அட்டவணையின் ஆறாம் பத்தி குடியரசுத் தலைவருக்குப் பட்டியல் பகுதிகளை அறிவிக்கும் அதிகாரம் தருகிறது. 1976இல் அதை விரிவாக்கவும் செய்தார்கள். பழங்குடி மக்கள் பெரும்பான்மையாக இருப்பது, நிலப்பரப்பு தொடர்ச்சியாக இருப்பது, வளர்ச்சியில் பின்தங்கியிருப்பது என்று பின்னால் வகுத்த அளவுகோல்களில் கொல்லிமலை எதில் தவறும்? கேரளம் தன் பழங்குடி ஊர்களை அறிவிக்கக் கேட்டு டெல்லிக்கு முன்மொழிவு அனுப்பியிருக்கிறது. தமிழ்நாட்டில் பட்டியல் பகுதி இல்லாவிட்டாலும் பழங்குடியினர் ஆலோசனைக் குழு உண்டு. நான்காம் பத்தியின்படி இருபது பேருக்கு மிகாத குழு. முக்கால் பங்கு பழங்குடிச் சட்டமன்ற உறுப்பினர்கள், அவ்வளவு பேர் இல்லாவிட்டால் அந்த இடங்களில் பழங்குடியினரே உட்காரலாம். அங்கிருந்து தீர்மானம் புறப்படலாம். கொல்லிமலையின் 14 ஊராட்சிகளும் முதலில், அடுத்து ஏற்காடு, கல்வராயன், பச்சைமலை, சவ்வாது. எதிர்ப்பவர்கள் தங்கள் காரணத்தைச் சொல்லட்டும், விவாதிக்கலாம். 1936 வரைபடத்தில் இந்த மலைகள் இல்லை என்பது மட்டும் காரணங்களின் பட்டியலில் இருக்கக் கூடாது.